காப்பிக் கரைச் சேலையும் என் காதும்

முப்பத்தாறு வயதில் பணி ஓய்வு பெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். வேலை பார்த்த பத்திரிகையே ஓய்வு பெற்றுவிட்டால் அதன் உதவி ஆசிரியர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது? அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்று யோசனைகள் இருக்கின்றன. மூன்றுமே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே மூன்றும் நல்ல யோசனைகளாகத்தான் இருக்க வேண்டும்.

‘செவிப்பக்கம்’ என்ற மாத இதழ் திண்டுக்கல்லிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வந்தது. ஒலிநூல்களுக்கு விமர்சனம் எழுதுவது மட்டுமே அதன் வேலை. ஒருவர் வாசித்து இன்னொருவர் கேட்கிற எதுவும் எங்களுக்கு ஒலிநூல்தான். கதை, பயணக் குறிப்பு, மாட்டு வைத்தியம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு, ஊறுகாய் போடும் முறை எல்லாம் வரும். முதலில் கேசட்டில் வந்தன, பிறகு குறுந்தட்டில் வந்தன. இப்போது எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. எங்களிடம் கடைசியாகச் சேர்ந்த வினோத்தும் பாத்திமாவும் இணையத்தில் அதே வேலையைத் தொடங்கப்போகிறார்கள்.

“அக்கா, கேசட் காலத்துல எப்பிடி விமர்சனம் எழுதுனீங்கன்னு எழுதிக் குடுங்க, மொதக் கட்டுரையாப் போடுறோம்” என்றான் வினோத்.

“பென்சில விட்டுச் சுத்துவீங்களாமே, அது எதுக்குக்கா?” என்றாள் பாத்திமா.

தளர்ந்த நாடாவை இறுக்கத்தான் பாத்திமா. கேசட்டின் பல் சக்கரத்துக்குள் அறுகோணப் பென்சில் கச்சிதமாக உட்காரும். உருண்டைப் பென்சில் வழுக்கும். எங்கள் அலுவலகத்தில் எழுதுவதற்கு ஒரு பென்சில், சுற்றுவதற்கு ஒரு பென்சில். சுற்றும் பென்சிலைச் சீவினால் ஹபீப் பாய்க்குக் கோபம் வரும்.

ஹபீப் பாய்தான் ஆசிரியர். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். தோல் வாங்க லாரியில் ஊர் ஊராகப் போனபோது டிரைவர் போட்ட கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் தோலை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார். நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, பி.எட். சேரச் சொன்ன அப்பாவுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அலுவலகம். உள்ளே போனதும் வணக்கம் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தாள் மட்டும் நீண்டது.

“அத வாசிங்க.”

தோல் பதனிடும் இடத்தில் ஒட்டுகிற பாதுகாப்பு அறிவிப்பு அது. ‘சுண்ணாம்புத் தொட்டி அருகே வெறுங்காலுடன் செல்லாதீர்கள்.’ கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கிய திமிரில் உயிரைக் கொடுத்து வாசித்தேன்.

“ரொம்பப் பயமுறுத்துறீங்க தங்கச்சி. ஆனா செருப்புப் போட்டுருக்கோமான்னு குனிஞ்சு பாத்துட்டேன். நாளைக்கு வாங்க.”

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. முகமே இல்லாத நேர்முகத் தேர்வு.

முதல் வருடம் முழுக்கக் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுதியதில் பாதி குப்பைக்கூடைக்குப் போனது. ‘இனிமையான குரல்’ என்று எழுதினால் ஹபீப் பாய் அதைச் சுழித்து, ‘எதைப் போல?’ என்று ஓரத்தில் எழுதுவார். ‘தேனைப் போல’ என்று எழுதினால் தாளையே கிழித்துவிடுவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் மூன்று ‘ம்’ உண்டு. மேலே போகிற ‘ம்’ என்றால் தொடரலாம். கீழே இறங்குகிற ‘ம்’ என்றால் திரும்ப எழுது. நேராகப் போய் நடுவில் அறுந்தால் அவர் சாப்பிடப் போகிறார் என்று பொருள்.

வேலை முறையைச் சொல்கிறேன். இளையவர்கள் குறித்துக்கொள்ளலாம். கேசட் தபாலில் வந்ததும் ஹபீப் பாய் அதன் லேபிளை உரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். கேசட்டின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். எழுதியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஊர் என்று எதுவும் விமர்சகருக்குத் தெரியாது. அச்சு நூல் இருந்தால் அதைத் தொடக்கூடாது. “கண்ணு தெரியாத ஒருத்தர் கையில அந்தக் கேசட் எப்பிடிப் போய்ச் சேருதோ, அப்பிடியே உங்ககிட்டயும் வரட்டும்” என்பார். முதல் முறை கேட்கும்போது கையில் பேனா இருக்கக்கூடாது. இரண்டாம் முறை பேனாவோடு. மூன்று கருவிகளில் போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல டேப் ஒன்று, லாரியில் இருந்து கழற்றிய செட் ஒன்று, பேட்டரி தீரப்போகிற சின்ன டேப் ஒன்று. “நல்ல டேப்புல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க தங்கச்சி.” வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார், தாள் புரட்டும் சத்தம் வாக்கியத்தின் நடுவில் விழுகிறதா, பின்னால் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்று எல்லாம் குறிக்க வேண்டும். மதிப்பெண் போடுவது கிடையாது. “மார்க் போட்டா மார்க்க மட்டும் பாப்பாய்ங்க.” ஓர் ஒலிநூலுக்கு ஒரே ஒரு விமர்சனம்தான். தயாரித்தவர் வந்து அழுதாலும் சண்டை போட்டாலும் மறுவிமர்சனம் கிடையாது. ஒருவருக்குச் செய்தால் மாடிப்படி முழுக்க வரிசை நிற்கும் என்பது அவர் கணக்கு.

ஆரம்பத்தில் டேப்பில் ஓடுகிற மூன்று இலக்க எண்ணை வைத்து, ‘214இல் குரல் பிசிறுகிறது’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டே கேசட் கேட்பார்களாம். ‘எங்கள் டேப்பில் 214இல் பிசிறவில்லை. 214இல் கோழி திருடன் பிடிபடுகிறான். உங்கள் டேப் வேறு ஏதோ கதை சொல்கிறது.’ அப்புறம்தான் ஒவ்வொரு டேப்பிலும் அந்த எண் ஒவ்வொரு வேகத்தில் ஓடும் என்பது எங்கள் மண்டையில் ஏறியது. அன்றிலிருந்து கடிகாரத்தை வைத்து நிமிடக் கணக்கு. அந்தக் கடலைக் குழுவை ஹபீப் பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. சத்தத்துக்கு நடுவில் எந்தக் குரல் நிற்கும் என்று அறிய, விமர்சனம் எழுதி முடித்த கேசட்டுகளை அவர்களுக்கு அனுப்பி வைப்பார்.

பார்வையற்ற சந்தாதாரர்களுக்காக எங்கள் இதழையே கேசட்டாகவும் கொண்டுவந்தோம். அச்சு இதழ் வந்த அடுத்த வாரம், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் வாசித்துப் பதிவு செய்வேன். மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். நான் எழுதியதை நானே உரக்கப் படித்துக் காட்ட எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்!

இனி, அந்தச் சேலை.

சேர்ந்து நான்காவது வருடம். கேசட் எண்கள் நானூறைத் தாண்டியிருந்தன. ஒரு நாள் மேஜையில் ஒரு கேசட். போட்டதும் ஒரு பெண் குரல், ‘காப்பிக் கரை’ என்று தலைப்பைச் சொல்லிவிட்டு நேராகக் கதைக்குள் போனது. அடடா, என்ன குரல்! உரக்கவே பேசவில்லை, ஆனால் கூட்டத்தில் நம்மை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பேட்டரி தீர்ந்த டேப்பிலும் ஒரு சொல் மங்கவில்லை.

கதைதான் எனக்கு விளங்கவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே ஒரு மாம்பழ நிறப் பட்டுச் சேலையைப் பொதுவில் வைத்துக் கட்டுகிறார்கள். தங்கை ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். அக்கா பிரித்துப் பார்க்கிறாள். காப்பிக் கரை. முகம் சுருங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கரையைக் கொசுவத்துக்குள் தள்ளிக் கட்டிக்கொண்டு மாமியார் முன்னால் நடமாடுகிறாள். ஒரு மணி நேரக் கதை முழுக்க அதே பதைப்பு. ‘இந்தக் கரை மட்டும் இல்லாவிட்டால் எத்தனை அழகான சேலை’ என்று பெருமூச்சு விடுகிறாள். கடைசியில் தங்கை வந்து, ‘அந்தக் கரைக்கு நான்தான் காரணம்’ என்று அழுகிறாள்.

எங்கள் அத்தைக்குச் சின்னாளபட்டியில் சேலைக் கடை. எங்கள் வீட்டில் கரை பற்றிப் பேசாத நாள் கிடையாது. அகலக் கரை, ஊசிக் கரை, கோபுரக் கரை, காப்பிக் கரை என்று சோற்றோடு பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான். மாம்பழ நிறத்துக்குக் காப்பிக் கரை எடுப்பாகத்தானே இருக்கும், இதற்கு எதற்கு இத்தனை அழுகை என்று எரிச்சலாக வந்தது. கடையில் எடுத்த தங்கைக்கு ரசனை இல்லை, அதைத்தான் ஒப்புக்கொண்டு அழுகிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். பேனாவை எடுத்தேன். ‘ஒரு சேலைக் கரைக்கு ஒரு மணி நேரமா?’ என்று தலைப்பிட்டு வெளுத்து வாங்கிவிட்டேன். ‘மாமியார் கண்ணில் கரை படக்கூடாதாம். பட்டால் என்ன?’ என்று கேட்டேன். ‘ஒரு கரைக்காக ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாமும்தான்’ என்று நக்கலாக முடித்தேன். ஹபீப் பாயிடமிருந்து மேலே போகிற ‘ம்’ வந்தது. கேசட் கடலைக் குழுவுக்குப் போனது.

அதன் பிறகு செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. அச்சுத் தாள் திருத்தும்போது, லேபிளிலிருந்து எடுத்துப் போட்ட நூல் பெயரும் ஊரும் விமர்சனத்தின் மேலே இருக்கும். அதில் ‘காப்பிக் கறை’ என்று பெரிய ற போட்டிருந்தது. பக்கத்தில் ‘எழுத்தும் குரலும் தனபாக்கியம், கன்னிவாடி’ என்று இருந்தது. பாவம், ஊர்ப்பக்கத்து அம்மா, எந்த ர போடுவது என்று தெரியவில்லை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அந்த றவை அடித்து ரவாக மாற்றினேன். தமிழ் எம்.ஏ. ஆயிற்றே! கறை என்றொரு சொல் இருக்கிறது என்பதே அந்த நிமிடம் எனக்குத் தோன்றவில்லை.

அச்சு இதழ் போனது. அடுத்த வாரம் கேசட் இதழும் போனது. மறுநாளே ஒரு போன். நூற்பாலை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த முருகேசன் அண்ணன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மாதம் ஒருமுறை கூப்பிட்டு என்னைக் கலாய்ப்பது அவர் சந்தாவில் அடக்கம்.

“ஏந்தாயி, ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல?”

“இல்லண்ணே. ஏன், மாப்ள வச்சிருக்கீகளா?”

“இம்புட்டு வெவரம் இல்லாத பொண்ணுக்கு எவன் வருவான்? பட்டுச் சேலையில காப்பியக் கொட்டிக் கறையாக்கி வச்சிருக்கா தங்கச்சிக்காரி. மாமியா கண்ணுல கறை பட்டா என்னன்னு கேக்குறியே, கறைய மறைக்காம காட்டிக்கிட்டா திரிவா?”

மேஜையில் கிடந்த இதழை இழுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

“அலோ? லைன் கட்டாயிருச்சா? நானே ஆபரேட்டரு, எனக்கே கட்டாகுதா?”

“அண்ணே… அது காப்பி சிந்துன கறையா?”

“பெறகு? வெஞ்சனம் சிந்துன கறையா?”

ரவும் றவும் எங்கள் வாயில் ஒன்றுதான். கரை, கறை, காதுக்கு வித்தியாசமே கிடையாது. காதால் மட்டுமே கேள் என்ற விதி, சேலைக்கடை அத்தை, எம்.ஏ. திமிர், மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கதையைக் கோமாளியாக்கிவிட்டன. அதிலும் பெரிய வேடிக்கை, அச்சில் படித்தவர்களுக்குத்தான் அந்தத் தவறு. என் குரலில் கேட்டவர்களுக்கு அப்படி ஒரு தவறு நடந்ததே தெரியாது.

ஹபீப் பாயிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“லேபிள்ள பெரிய றதானே இருந்துச்சு? அத அடிச்சது யாரு?”

“நாந்தான் பாய்.”

“எதுக்கு?”

“தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“மெட்ராஸ்லருந்து வந்துருந்தா அடிச்சிருப்பீங்களா?”

அதுவரை நான் கேட்டிராத நான்காவது ‘ம்’ ஒன்று வந்தது. அதை இங்கே எழுத எழுத்தில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஊரில் இருந்த பார்வையற்றோர் பள்ளி, வருடத்துக்குப் பத்து ஒலிநூல்களைத் தேர்ந்தெடுத்து, பிரதி எடுத்து மாணவர்களுக்கு அனுப்பும். எங்கள் விமர்சனத்தை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு. தேர்வான உள்ளூர்க்காரர்கள் பள்ளியின் ஒலிப்பதிவு அறையை இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்தக் கூட்டம் வரும் சனிக்கிழமை. தனபாக்கியம் பள்ளிக்கு அனுப்பிய பிரதியும் பட்டியலில் இருந்தது.

“மறுவிமர்சனம் கெடையாது தங்கச்சி. அது விதி. எழுத்துத் திருத்தம் அடுத்த இதழ்ல போடலாம், ஆனா கூட்டம் முடிஞ்சிருக்கும். தப்புப் பண்ண ஆளு நேருல போய்ச் சொல்லக்கூடாதுன்னு மட்டும் எந்த விதியும் இல்ல.”

“வேலைய விட்டு நின்னுக்கவா பாய்?”

“சனிக்கெழம கழிச்சு நில்லுங்க. அதுவரைக்கும் போய்ச் சொல்ல ஆளு வேணும்.”

வெள்ளிக்கிழமை காலை கன்னிவாடி பஸ்ஸில் ஏறினேன். மன்னிப்பு வாசகத்தை வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. “தனபாக்கியமா? பழனியில மைக்குல கூப்புடுமே, அந்தம்மாவா?” என்று கேட்டுக் கை காட்டினார்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் பழனிக் கூட்டத்தில் தொலைந்தவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடும் வேலை அவருக்கு. கூட்டத்தில் என்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததே, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நாற்பது வயது இருக்கும். வெங்காயத்தாள் நிறச் சேலை, மூக்குக் கண்ணாடி. டேப் ரெக்கார்டர் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானுங்களா அது? வாங்க, உக்காருங்க அம்மிணி. உங்க எழுத்தப் படிச்சுப்போட்டு ஒரு நாளுப் பூரா என்ற சேலையெல்லாம் எடுத்து எடுத்துப் பாத்தனுங்க, எந்தக் கரையச் சொல்றாங்கன்னு.”

ஒத்திகை பார்த்த வாசகம் ஒன்றும் வரவில்லை. நடந்ததை அப்படியே கொட்டினேன். றவை அடித்ததையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, கையை மைக் பிடிப்பது போல வாயருகே வைத்துக்கொண்டார்.

“பக்தர்கள் கவனத்திற்கு! திண்டுக்கல்லில் காணாமல் போன பெரிய ற, எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அலுவலகத்திற்கு வரவும். உங்கள் தமிழ் எம்.ஏ. அக்கா அழுதுகொண்டிருக்கிறார்!”

நான் நிஜமாகவே அழுதுகொண்டுதான் இருந்தேன். அதோடு சிரிப்பும் வந்து மூக்கில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்.

“ஏனுங்க, மறுத்து ஒரு கடுதாசி போட்டிருக்கலாமில்லீங்களா?” என்றேன். அவர் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டது.

“போட்டா சண்டைக்காரின்னு சொல்லுவாங்க. இந்த டேப்பு என்ற தம்பியோடதுங்க. திரும்பக் கேக்கறான், குடுத்தாகோணும். பள்ளிக்கூடத்துல அந்த ரூமு கெடச்சா தொடர்ந்து படிக்கலாம்னு இருந்தனுங்க. இல்லைன்னா இதோட மூட்டை கட்டறதுதான்.” துண்டு முடிச்சைத் தட்டிக் காட்டினார். “நீங்க எழுதிக் குடுக்க வேண்டாம். நாளைக்கு அங்க வந்து வாயால சொல்லோணும். நானும் வாரனுங்க.”

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஐந்து பேர் குழு. தலைமையாசிரியர் ஞானராஜ் சாருக்கும் இன்னும் இரண்டு ஆசிரியர்களுக்கும் பார்வை கிடையாது. எங்கள் கேசட் இதழைக் கேட்பவர்கள். மற்ற இரண்டு பேர் அச்சில் படிப்பவர்கள். நாங்கள் போனபோது உள்ளே ஒரே களேபரம்.

“பத்திரிகை கிழிகிழின்னு கிழிச்சிருக்கு சார், இதப் போய் எடுக்கணும்ங்கிறீங்களே!” என்றார் அச்சில் படித்தவர் ஒருவர்.

“யாரு கிழிச்சா? ஒரு கறைக்காக ஒரு குடும்பமே மூச்சப் பிடிச்சுக்கிட்டிருக்கு, நாமும்தான்னு அந்தப் பொண்ணு எம்புட்டு ரசிச்சு வாசிச்சிருக்கு! இதவிட எப்பிடிய்யா பாராட்டுவாங்க?” என்றார் ஞானராஜ் சார்.

“ஒரு மணி நேரமான்னு கேட்டிருக்கே சார்?”

“ஆச்சரியத்துலய்யா! ஒரு கறைய வச்சு ஒரு மணி நேரம் இழுத்துட்டாகளேன்னு!”

வாசலில் நின்று அத்தனையும் கேட்டேன். ஒரே விமர்சனம் படித்தவர்களுக்கு வசை, கேட்டவர்களுக்குப் பாராட்டு. அப்படியே விட்டிருந்தால் மூன்றுக்கு இரண்டு என்று கதை ஜெயித்துக்கூட இருக்கும். ஒரு நொடி அந்த ஆசை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் தனபாக்கியம் அக்கா முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

உள்ளே போய்ச் சொன்னேன். “நான் பாராட்டல சார். திட்டித்தான் எழுதுனேன். காப்பி சிந்துன கறைய, சேலையோட பார்டர்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஞானராஜ் சார் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “எங்க புள்ளி எழுத்துல ரெண்டுக்கும் வேற வேற புள்ளிம்மா. கண்ணு இருந்தாத்தான் இந்தக் குழப்பமெல்லாம்!” சிரித்து முடித்து, குரலை மாற்றிக்கொண்டார். “அப்ப நாங்க ரசிச்ச விமர்சனமும் இல்ல, இவுக படிச்ச விமர்சனமும் இல்ல. ரெண்டையும் ஓரமா வைங்க. கேசட்டப் போடுங்க, ரெண்டாம் பக்கம்.”

போட்டார்கள். தனபாக்கியம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை பேனாவோடும் பேனா இல்லாமலும் மூன்று கருவிகளில் கேட்ட கதையை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அக்கா யாரிடமும் சொல்லாமல் மறைத்தது வெறும் சேலையை அல்ல, தங்கையின் தவறை. சொன்னால் தங்கைக்கு அடுத்த விசேஷத்துக்குச் சேலை கிடைக்காது. மாமியார் பூட்டி வைத்துவிடுவாள். அதற்காகத்தான் கறையைத் தன் கொசுவத்துக்குள் வாங்கிக்கொண்டு ஒரு கல்யாண வீடு முழுக்கக் குனிந்து, ஒதுங்கி, சுவரோரமாகவே நடக்கிறாள். ‘அந்தக் கறைக்கு நான்தான் காரணம்’ என்று தங்கை அழும் இடத்தில் அக்கா சொல்வதை முன்பு கேட்டபோது சப்பென்று இருந்ததாகக் குறித்து வைத்திருந்தேன். ‘எந்தக் கறை?’ என்கிறாள் அக்கா. அவ்வளவுதான். கதை முடிகிறது.

டேப் ‘டக்’ என்று நின்றது. கிழிகிழியென்று கிழித்ததாகச் சொன்னவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“எடுத்துக்கலாம் சார்” என்றார்.

பத்தாவது இடம். கடைசி இடம்தான். ஆனால் பட்டியலைப் படித்தபோது தனபாக்கியம் அக்கா கூச்சமில்லாமல் கை தட்டினார், தனக்குத்தானே. ஒலிப்பதிவு அறையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயை அகலமாகத் திறந்து என்னவோ கத்தினார். எங்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்து, “ஒரு கோழி கூவறது கேக்கலீங்க அம்மிணி, ஒரு பஸ்ஸு ஹாரன் கேக்கலீங்க!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். தம்பியின் டேப் அன்றைக்கே தம்பியிடம் போனது.

அடுத்த இதழில் எழுத்துத் திருத்தம் வந்தது. பெட்டி கட்டி, முதல் பக்கத்தில். கேசட் இதழில் அதை வாசிக்கும்போது, கரை என்று நான் சொன்னது எல்லாம் கறை என்று திருத்தி வாசிக்க வேண்டியிருந்தது. அதாவது, ‘கறை என்பதைக் கறை என்று திருத்திக்கொள்ளவும்’ என்று மூன்று தடவை என் குரலில் பதிவாகியிருக்கிறது. முருகேசன் அண்ணன் போன் செய்து, “தாயி, நீ நல்லாத்தான இருக்க?” என்று கேட்டார். நான் வேலையை விட்டு நிற்பது பற்றி ஹபீப் பாய் பேச்சே எடுக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், மேஜையில் எண் மட்டும் எழுதிய கேசட் ஒன்று இருந்தது. பேனா இல்லாமல் உட்கார்ந்து போட்டேன். பின்னால் கோழி இல்லை, பஸ் ஹாரன் இல்லை. அந்தக் குரல் மட்டும் தனியாக வந்தது.

“அறை. பெரிய ற போட்டுக்குங்க. ஆனா தங்கற அறையா, கன்னத்துல விடற அறையான்னு நான் சொல்லமாட்டனுங்க. கேட்டுப்போட்டு நீங்களே எழுதுங்க அம்மிணி.”

ஹபீப் பாயின் நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கேசட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் கேட்டு முடித்து, பென்சிலை எடுத்து முதல் வரியை எழுதினேன்: ‘இரண்டுமே.’